டிரம்மில் வந்த கற்பூர வாசனை

என்னோடு ஏற்காட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மார்கழிப் பனியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது வருகிற பனி விருந்தாளி மாதிரி காலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அப்போது வந்த பனி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும், தீப்பெட்டி நமுத்துப்போகும், துவைத்துப்போட்ட பாவாடை கொடியிலேயே கிடந்து பூஞ்சை வாடை அடிக்கும். அப்படி ஒரு மார்கழியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கதையைக் காலமெல்லாம் தப்பாகவே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். சரியான கதை எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று சில நேரம் தோன்றுகிறது.

அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எங்கள் வீடு காப்பி காயப்போடும் களத்தின் ஓரத்தில் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். எஸ்டேட்டில் கூப்பிட்ட வேலைக்குப் போவார், கூப்பிடாத நாளில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பார். கதவு, டிரங்குப் பெட்டி, என் முதுகு, எதுவும் தப்பாது. சாப்பாட்டுத் தட்டில் அவர் தாளம் போட ஆரம்பித்தால் அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவார்.

"சோத்துத் தட்டுலயா கொட்டுவாங்க? தரித்திரம் புடிச்சவனே!"

"தட்டு காலியா இருந்தாத்தானக்கா சத்தம் வரும்? இன்னும் கொஞ்சம் சோறு போடு, சத்தம் நின்னுரும்."

அம்மா சிரித்துவிடுவார். அக்காளும் தம்பியும் அப்படி இருந்தார்கள் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் மழை விட்டதும், எஸ்டேட் துரைமார்கள் ஒரு காலத்தில் ஆடிப் பாடிய பழைய கிளப் ஒன்றைக் காலி செய்தார்கள். வேண்டாத சாமான்களை வெளியே போட்டபோது அதில் ஒரு டிரம் செட் கிடந்ததாம். மாமா அதை காப்பி மூட்டை ஏற்றும் லாரியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆள் உட்காரலாம் போல ஒரு பெரிய டிரம், இரண்டு சின்ன டிரம், விளிம்பு உடைந்த ஒரு வெண்கலத் தட்டு, துருப்பிடித்த கம்பிகள். எலி ஒன்று பெரிய டிரம்முக்குள் குட்டி போட்டு வளர்த்துவிட்டுப் போயிருந்தது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு லாட்ஜில் வருஷப் பிறப்பு பாட்டுக் கச்சேரிக்கு ஆள் தேடினார்கள். சொந்தமாக செட் இருந்தால் வா என்று மாமாவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் வயதில் அவருக்கு வாய்த்த முதல் ஆசை அதுதான் என்று நினைக்கிறேன்.

களத்தை ஒட்டிய கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. எலிப் புழுக்கையைக் கூட்டித் தள்ளி, கம்பிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சாம்பல் வைத்துத் தேய்த்தார். வெண்கலத் தட்டுக்கு அம்மாவிடமிருந்து புளி. விட்டுப்போன வளையங்களுக்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தார். கொட்டகை முழுக்க வஜ்ஜிரத்தின் செத்த மாட்டு வாடை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு அங்கேதான் ஓடுவேன்.

டிரம்களைச் சுற்றிலும் ஒரு தகடு ஒட்டியிருந்தது. கண்ணாடி மாதிரி மெல்லியது, வளையக்கூடியது. பழுப்பேறிக் கிடந்ததை ஈரத்துணியால் துடைத்ததும் உள்ளே முத்துச் சிப்பி போல வெள்ளையும் ரோஜா நிறமும் நெளிந்தன. அவ்வளவு அழகான பொருளை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் சின்ன டிரம்களில் அது வெடித்து உரிந்திருந்தது. அதைச் சுத்தமாகக் கழற்றிவிட்டு மரத்தை இழைத்து பாலிஷ் போடுவதென்று மாமா முடிவு செய்தார். தகட்டை இளக்குவதற்கு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்துத் தேய்க்கலாம் என்று யோசித்தார். கரி போட்டு ஊதி, கனிந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகும்போது அம்மா வழியிலேயே பிடுங்கிக்கொண்டார்.

"ஏன்டா, உங்க மச்சானோட சட்டை தேய்க்காமக் கெடக்குது, இவரு கொட்டுக்கு இஸ்திரி போடறாராமா!"

மாமா முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர்த் துணி வைத்து ஊறப்போட்டு, மழுங்கின உளியால் நெம்பி எடுத்தார். அந்த இஸ்திரிப் பெட்டியை இப்போது நினைத்தால் எனக்குக் கை வேர்க்கிறது.

வெந்நீர் பட்டதும் அந்தத் தகட்டிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. கற்பூர வாசனை. லேசாக அல்ல, சேர்வராயன் கோயில் குகை வாசலில் திருவிழா அன்று நின்றால் அடிக்குமே, அப்படி. எங்கள் கிறிஸ்தவ வீட்டில் சாம்பிராணி உண்டு, மெழுகுவத்தி உண்டு, கற்பூரம் நுழைந்ததே இல்லை. பாடல் குழு விஷயமாக வந்த எங்கள் மாதா கோயில் உபதேசியார் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கைச் சுருக்கிப் பார்த்தார்.

"ரைட்டருங்க, இது எங்கிருந்து வந்த கொட்டுங்க? இது நம்ம வாசனை இல்லீங்க. எந்தச் சாமி முன்னால அடிச்சதோ என்னமோ."

"கிளப்புல துரைமாரு குடிச்சுப்போட்டு ஆடுனதுங்க. அங்க எந்தச் சாமி இருந்துச்சு?" என்றார் அப்பா.

அம்மாவோ ஒரு படி மேலே போனார். "ஏனுங்க, என்ற கையில கூட வெங்காய வாசனைதான் அடிக்குது. அதுக்கும் செபம் பண்ணிப்போடுங்க." உபதேசியாருக்கு முகம் கறுத்துவிட்டது. போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்: "சிரிங்க. அந்தக் கொட்டு இந்த ஊட்டுக்கு நல்லது பண்ணாது."

அந்த வாசனையைப் பற்றி அன்றைக்கு வீட்டில் வெகுநேரம் பேசினோம். எந்தச் சாமிக்கு உரியது, யார் அடித்தது, தீட்டு ஒட்டுமா ஒட்டாதா என்று எல்லாம் பேசினோம். கற்பூரம் என்றால் என்ன செய்யும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதை மட்டும் யாரும் பேசவில்லை.

சின்ன டிரம்கள் இரண்டும் உரிந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மாமா துணியால் தடவத் தடவ, மரம் தேன் நிறத்துக்கு வந்தது. ஒரு பூச்சு காய அந்தப் பனியில் நாள் கணக்கில் ஆகும். காயக் காயத் திரும்பத் தடவுவார். பெரிய டிரம்மையும் உரிக்க உளியை எடுத்தபோதுதான் அப்பா தடுத்தார்.

"அதை உரிக்காத மாப்ள. அது நல்லாத்தான இருக்குது? வெள்ளையா, கோயில்ல வெச்சாக்கூட லட்சணமா இருக்கும்."

அப்பா சொன்னால் மாமா மறுத்துப் பேசமாட்டார். பெரிய டிரம்மின் தகட்டைப் பல்பொடி போட்டு மினுக்கினார். அது நிலா மாதிரி கொட்டகையில் உட்கார்ந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் பள்ளிக்கூடத்தில் நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் எனக்குச் சம்மனசு வேஷம் கிடைத்திருந்தது. தேவதூதரை எங்கள் வீடுகளில் சம்மனசு என்றுதான் சொல்வோம். எங்கள் கூட்டம் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏந்தி, மாடு மேய்ப்பவர்களைச் சுற்றி நெருக்கமாக நிற்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு அட்டையில் பஞ்சு ஒட்டின இறக்கை. எனக்கு மட்டும் மாமா ஒரு யோசனை சொன்னார்.

"இத்தன தகடு கெடக்குதே, வீணாவா போவணும்? கண்ணுக்கு றெக்கை செஞ்சு போடலாமக்கா. ஊரே வாயப் பொளந்துரும்."

உரித்த தகடுகளில் விரிசல் இல்லாத துண்டுகளை இறகு இறகாக அவர் வெட்டிக் கொடுக்க, அம்மா சாக்கு ஊசியை அடுப்பில் காட்டித் துளை போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகத் தைத்தார். ஊசி நுழையும்போதெல்லாம் புஸ்ஸென்று துளி புகை வரும், கற்பூரம் மணக்கும். ஒரு தரம் துளையின் ஓரம் மினுக்கென்று பற்றிக்கொண்டது. அம்மா விரலால் நசுக்கி அணைத்துவிட்டு, "ஊசி நொம்பக் காஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த இறகை எடுத்தார். நான் அவர் மடியில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்திகையில் எங்களுக்கு மெழுகுவத்தி தரவில்லை, வெறும் குச்சியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றோம். மெழுகுவத்தியை நாடகத்தன்றைக்குத்தான் ஏற்றுவோம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நாடகத்தன்று பனி இன்னும் இறங்கியிருந்தது. களத்தில் காப்பிக் கொட்டைமேல் போட்ட தார்ப்பாய் நுனிகூடத் தெரியவில்லை. நாடகத்தில் பாட்டுக்கு மாமாதான் டிரம் அடிக்க வேண்டும். கோயிலுக்குள் ஆகாது, பள்ளிக்கூட ஹாலில் ஆகும் என்று பங்குச் சாமியார் அனுமதி கொடுத்திருந்தார். லாட்ஜ்காரர்களும் கேட்க வருவதாக இருந்தது. ஆனால் பனியில் டிரம்களின் தோல் எல்லாம் தொய்ந்துவிட்டன. அடித்தால் ஈரச் சாக்கைத் தட்டுவது போலச் சத்தம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். தப்படிப்பவர்கள் செய்வதைத்தானே காலங்காலமாகப் பார்க்கிறோம்? ஓலையைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டினால் விறைத்துக்கொள்ளும்.

மாமா கணப்புச் சட்டியில் கரியைக் கனியவைத்து, தேன் நிறத்துச் சின்ன டிரம்களை முதலில் காட்டினார். தோல் விண்ணென்று ஆனது. தட்டின தட்டில் களத்து நாய் எழுந்து ஓடியது.

"பெருசையும் அப்படியே காட்டிரு மாப்ள, நேரமாவுது," என்றார் அப்பா.

வீட்டில் அம்மா எனக்கு வெள்ளைக் கவுன் போட்டு, இறக்கையைத் தோளில் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார். அசைந்தால் இறகுகள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிலுகிலுத்தன. மாமாவிடம் காட்டாமல் எப்படி? நான் அம்மா கையை விடுவித்துக்கொண்டு களத்துக்குள் ஓடினேன். பனிக்குள் கொட்டகை வாசலும், உள்ளே சிவப்பாகக் கணப்பும், அதன் முன்னால் மாமா அணைத்துப் பிடித்திருந்த வெள்ளை டிரம்மும் தெரிந்தன. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கண்ணு! நூல் தொங்குதுடி! வா, வெட்டி உட்டுர்றேன்!" என்று பின்னாலிருந்து அம்மா கத்தினார். நான் திரும்பினேன்.

முதுகுப் பக்கம் பகல் வந்தது போல வெளிச்சம். எதுவும் பற்றி எரிகிற மாதிரி இல்லை. ஒரே மூச்சில் எல்லாம் தீயாக இருந்தது. பனி முழுக்க வெள்ளையாக ஒரு கணம் ஒளிர்ந்தது, என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்தது, இறக்கையோடு. பிறகு மாமாவின் குரல். அதை நான் எழுதப்போவதில்லை.

டிரம்மை விட்டுவிட்டு ஓடியிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று அப்பா பிற்பாடு சொல்லுவார். மாமா விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வெளியே எறியப் பார்த்திருக்கிறார். எஸ்டேட் ஜீப்பில் கம்பளியைச் சுற்றி சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா கூடப் போனார். கொட்டகை நனைந்த கரியாக நின்றது. பனியில் கற்பூர வாசனை வெகுநேரம் போகாமல் மிதந்துகொண்டிருந்தது.

அம்மா என் தோளிலிருந்து இறக்கையைக் கழற்றினார். கொல்லைப்புறம் போனார். நான் சமையலறைச் சன்னலில் ஏறிப் பார்த்தேன். இறக்கையின் நுனியில் ஒரு துண்டைக் கத்தரித்து, மீதியைத் தொலைவில் வைத்துவிட்டு வந்து, அந்தத் துண்டை இடுக்கியில் பிடித்து, அடுப்பிலிருந்து கொண்டுவந்திருந்த கங்கின்மேல் காட்டினார். புஸ்ஸென்று ஒரு வெளிச்சம் வந்து போனது. இடுக்கியில் ஒன்றும் மிச்சமில்லை. அம்மா அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஏதோ சாமி கும்பிடுகிறார், உபதேசியார் சொன்ன அந்த வேறு சாமியை, என்று நினைத்து நான் பயந்துபோய்ச் சன்னலை விட்டு இறங்கிவிட்டேன். பிறகு பார்த்தபோது அவர் இறக்கையையும் மிச்சத் தகடுகளையும் சாக்கில் கட்டி, கல் வைத்து, ஓடைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"றெக்கை எங்கம்மா?" என்று அழுதேன்.

"அந்தக் கொட்டு சாபக்கேடு சாமி. அதுல இருந்து எடுத்தது ஒண்ணும் நமக்கு வேண்டாம்."

வெங்காய வாசனை என்று கேலி செய்த அதே அம்மா, மறுநாள் உபதேசியாரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக் கொட்டகைக் கரிக்கு முன்னால் செபம் சொல்லச் சொன்னார். ஊர் முழுக்க அவரே சொன்னார்: "சாபக்கேடுங்க. எங்கிருந்தோ வந்து எங்க தம்பியப் புடிச்சுக்கிச்சு." உபதேசியாருக்குக் கேட்க வேண்டுமா? தவக்காலம் வரைக்கும் அவருக்கு அதுவே பேச்சாக இருந்தது.

மாமா பிழைத்து வந்தார். கைகள்தான் வரவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மடங்கி, குளிரில் ஒடுங்கின கோழிக்கால் மாதிரி ஆகிவிட்டன. சாபம் பிடித்தவர் என்று பேர் எடுத்ததால் பெண் கிடைக்க வெகுநாளாயிற்று. கிடைத்தது மலைமேலேயே இருக்கும் மாரமங்கலத்தில். அங்கேயே மிளகும் காப்பியும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். அதன் பிறகு அக்காளும் தம்பியும் நல்லது கெட்டதுக்கு வருவார்கள், போவார்கள். கோழி அடித்துப் போடுவார் அம்மா. ஆனால் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. ஒருவர் வந்தால் இன்னொருவருக்கு எங்கேயாவது வேலை வந்துவிடும். சாபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த கோபம் அம்மாவுக்கு ஆறவில்லை என்று நாங்கள் நினைத்தோம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை பூசையில் எல்லோரும் மெழுகுவத்தி ஏந்தி நிற்கும்போது, என் மெழுகுவத்தியை அம்மா வாங்கித் தன் கையில் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அப்படித்தான். அம்மா போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகின்றன.

இனி இப்போதைய கதை. சேலத்தில் என் மகள் வயிற்றுப் பேத்தி கோயில் பாடல் குழுவில் டிரம் அடிக்கிறாள். யாரோ தூக்கிப்போட இருந்த பழைய செட் ஒன்றை மொட்டை மாடியில் வைத்துப் புதுப்பிக்கப்போவதாகக் குதித்துக்கொண்டிருந்தாள். காப்பி கொடுக்க மேலே ஏறினேன். போனில் ஓடிய வீடியோவில் ஒருவர் ஏதோ சொல்ல, இவள் டிரம்மின் ஓரத்திலிருந்து வெள்ளைத் தகட்டில் நகக்கண் அளவு சுரண்டி, தரையில் வைத்து, லைட்டரை நீட்டினாள். புஸ்ஸென்று வெளிச்சம் வந்து போனது.

"பாத்தீங்களா அம்மாச்சி? கற்பூரம் கலந்து செஞ்ச செல்லுலாய்டாம், பழைய தகடுன்னா இப்படித்தான் வெடிக்குமாம். பக்கத்துல நெருப்பே கொண்டு போகக்கூடாதாம்," என்றாள்.

எனக்குக் கற்பூரம் மணந்தது. எரிந்துபோன டிரம் என் நினைவுக்கு வரவில்லை. என் தோள்பட்டைதான் கூசியது. மெழுகுவத்திகளோடு நெருக்கமாக நிற்கவிருந்த எங்கள் கூட்டமும், நடுவில் நானும் கண்ணுக்குத் தெரிந்தோம். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் அம்மா ஈர மண்ணில் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த பஸ்ஸுக்கே மலையேறினேன். மாமா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மடங்கின கையால் மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தார். இப்போது நல்ல வயதாகிவிட்டது. கண் கொஞ்சம் மங்கல். நான் சுற்றி வளைக்கவில்லை.

"மாமா, அந்த றெக்கையும் அதே தகடுதானுங்களே?"

முறத்தை வைத்துவிட்டார்.

"ஜீப்புலயே தெரிஞ்சுபோச்சு கண்ணு. உங்கொப்பங்கிட்ட, வண்டிய நிறுத்துங்க, புள்ளகிட்டப் போவோணும்னு கத்துனேன். வலியில பெனாத்தறேன்னு நெனச்சுட்டாரு. மறுநாளு அக்கா வந்துது. எல்லாத்தையும் ஓடையில போட்டுட்டேன், அது சாபக்கேடுடான்னு சொல்லுச்சு. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துது."

"அப்பறம் ஏனுங்க மாமா சொல்லல? இத்தன காலம் சாபம் புடிச்சவருன்னு ஊரே பேசுச்சே!"

"எப்படிச் சொல்றது? வெட்டிக் குடுத்தவன் நான். ஆனா ஊசி புடிச்சுத் தெச்சது அக்கா. பெத்த புள்ள முதுகுல தீய வெச்சுத் தெச்சுட்டோம்னு தெரிஞ்சா அவ அப்பறம் ஒரு நாளு தூங்குவாளா? சாபக்கேடுன்னே நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்னு உட்டுட்டேன். அவளத் தனியாப் பாத்தா வாய் தவறிருமோன்னு கிட்டத்துலயே போவல."

கொல்லைப்புறத்தில் நான் பார்த்ததைச் சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காள் நிம்மதியாக இருந்தாள் என்கிற ஒன்றுக்காக ஒரு ஆயுளையே கொடுத்த மனுஷன். ஆனால் அம்மாவும் தம்பியைப் பார்க்கப் பயந்து ஓடினாரே, பிள்ளைக்கு இறக்கை வெட்டிக்கொடுத்த தம்பி மனசு உடைந்துவிடக்கூடாதென்று சாபத்தை ஊரெல்லாம் சொன்னாரே, அது யாருக்கும் தெரியாமலே போவதா? அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். கத்தரித்த நுனியை, இடுக்கியை, அடுப்புக் கங்கை, வெளிச்சத்தை, அம்மா மண்ணில் உட்கார்ந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். களத்து மேட்டிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப, அவளும் தூங்கலையா கண்ணு?"